அத்தை இல்லாத பக்கம்

அத்தியாயம் 11

கயல் எழுதிய நாவலை மெட்ராஸ் பதிப்பகத்தார் அச்சுப் போட ஒத்துக்கொண்டதையும், “புத்தகம் தை மாதம் வருகிறது, அதற்குள் உங்கள் பேரில் ஒரு வெப்சைட் வேண்டும்” என்று அவர்கள் சொன்னதையும், என் மாப்பிள்ளை ஆனந்தராஜ் கம்ப்யூட்டரே கதியென்று கிடந்து அதைச் செய்து முடித்ததையும் போன வாரம் சொன்னேன். எனக்கு அதில் சம்மதம் இல்லை என்பதையும் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன், சம்மதம் இல்லை.

வீடு என்றால் கதவு வேண்டும். யார் வருகிறான், யார் போகிறான் என்று தெரிய வேண்டும். இது கதவே இல்லாத வீடு. எவன் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து என் மகள் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போகலாம். வந்தவன் யார் என்று கேட்டால், “ஆளு தெரியாது மாமா, எத்தன பேருன்னுதான் தெரியும்” என்கிறார் மாப்பிள்ளை. இதில் அவருக்குச் சந்தோஷம் வேறு.

வெள்ளிக்கிழமை அதைத் திறந்து விட்டார்கள். பூசணிக்காய் உடைக்காத குறைதான்.

எல்லாரையும் விட அதிகமாகக் குதித்தது என் அக்கா ஆதிலட்சுமி.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கயலின் அம்மா போய்ச் சேர்ந்தபோது கயலுக்குப் பல்கூட முளைக்கவில்லை. நான் செராமிக் கம்பெனியில் சூளை போடுகிறவன். நெருப்பு வைத்துவிட்டால் வீட்டுக்கு வர முடியாது. கட்டிக்கொடுத்த இடத்தில் வாழப் பிடிக்காமல் திரும்பி வந்த அக்காதான் அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அன்று வைத்தவள் இறக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கயல் பெண்ணாடத்தில் டீச்சர் ஆகி, கல்யாணமும் ஆகி, இப்போது எங்கள் வீட்டு மாடியில்தான் குடித்தனம். அவர்கள் சட்டியில் குழம்பு மட்டும் இன்றைக்கும் அக்கா வைப்பதுதான்.

அக்கா இன்னும் பொம்மைக் கம்பெனிக்குப் போகிறாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சை பொம்மையில் இரண்டு பாதியும் ஒட்டின இடத்தில் ஒரு கோடு இருக்கும். அதைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு இருந்ததே தெரியாமல் செய்வது அவள் வேலை.

சனிக்கிழமை காலை அந்த அக்கா வீட்டில் யாரிடமும் பேசவில்லை. தலைக்குக் குளித்தாள். தீபாவளிப் புடவையைக் கட்டினாள். ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு செருப்புப் போடாமல் வாசலில் இறங்கினாள்.

“எங்கக்கா கெளம்பிட்ட? இன்னிக்கு லீவா?”

“ஒரு வேலை இருக்குது.”

“என்னா வேலை?”

“உனக்கு ஒண்ணும் இல்ல. நீ உன் மவ வூட்டுல டீ வாங்கிக் குடி.”

உன் மகள் என்றாள். இத்தனை வருஷத்தில் கயலை அவள் அப்படிச் சொன்னதே இல்லை. “நம்ம பாப்பா” என்பாள், இல்லாவிட்டால் “எம் பொண்ணு” என்பாள். 

கொஞ்ச நேரத்தில் வீராயி வந்தாள். அக்காவோடு ஒரே ஷெட்டில் வேலை பார்க்கிறவள். வாசலிலேயே நின்றுகொண்டாள்.

“அண்ணே, ஆதியக்கா இருக்காங்களா?”

“கெளம்பிப் போயிட்டா. எங்கன்னு சொல்லல.”

“அய்யய்யோ, போயிட்டாங்களா! நான் சும்மா கோவத்துல சொல்றாங்கன்னு நெனச்சேன்.”

“என்னா சொன்னா? முழுசா சொல்லு.”

வீராயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். நேற்று சாயங்காலம் டீ நேரத்தில் அக்கா ஷெட்டில் இருந்த பெண்களை எல்லாம் கூப்பிட்டிருக்கிறாள். “எம் பொண்ணு வெப்சைட்டு வந்துட்டுது, போன எடுங்கடி, பாருங்கடி” என்று ஒரே ஆர்ப்பாட்டம். பெயிண்ட் அடிக்கிற ஒரு பெண் போனில் திறந்து, ‘என்னைப் பற்றி’ என்று இருந்த பக்கத்தைச் சத்தமாக வாசித்திருக்கிறாள். விருத்தாசலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். சூளைத் தொழிலாளியான தந்தை ராஜமாணிக்கம் இவரை வளர்த்து ஆளாக்கினார். கணவர் ஆனந்தராஜ். அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

“அப்பறம்?”

“அப்பறம் என்னாண்ணே. அந்தப் பொண்ணு வெவரம் தெரியாம, ‘ஒங்க பேரு எங்கக்கா, கீழ வருமா’ன்னு தள்ளித் தள்ளிப் பாக்குது. கீழ ஒண்ணும் இல்ல. ஒருத்தி சிரிச்சிட்டா. ஆதியக்கா ஸ்பாஞ்சக் கழுவி வச்சாங்க. ‘நாளைக்குக் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போறேன், பிராது கட்டப் போறேன்’னாங்க. அவ்வளவுதான்.”

“யார் மேல?”

வீராயி மாடியைப் பார்த்தாள். பேரைச் சொல்லவில்லை.

 எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், நமக்கு அநியாயம் செய்தவன் பேரையும் என்ன செய்தான் என்பதையும் சீட்டில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் எதிரில் இருக்கிற சூலத்தில் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி தீர்த்து வைக்கும். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துப் போடுவார்கள். கோர்ட்டில் வாய்தா போடுவார்கள். சாமி வாய்தா போடாது.

நான் பேங்கை நம்பமாட்டேன். டாக்டரை நம்பமாட்டேன். மாப்பிள்ளையைக்கூட முக்கால்வாசிதான். கொளஞ்சியப்பரை நம்புகிறேன்.

இன்றிலிருந்து மூன்று மாதம் என்றால், கயலின் புத்தகம் வருகிற நாளும் அதற்குள்தான் விழுகிறது.

மாடிக்கு ஏறினேன். மாப்பிள்ளை பாலக்கரையில் இருக்கிற அவருடைய செல்போன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “இவ்வளவுதானா மாமா? நான் கடையில ஒக்காந்தே அத்த பேரச் சேத்துடுறேன். ஒரு நிமிஷ வேலை” என்றார்.

“வேணாம்” என்றாள் கயல்.

“ஏன்?”

“நான் சொல்றப்ப சேருங்க. இப்ப போங்க.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அந்த விஷயத்தில் அவர் கெட்டிக்காரர்.

“அத்தை பேர வுட்டது மறதியில்லயா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா.”

“வேணும்னே வுட்டியா? ஒன்ன வளத்தவடி அவ!”

“கத்தாதீங்கப்பா. போற வழியில சொல்றேன். வண்டிய எடுங்க.”

என் பழைய டி.வி.எஸ். வண்டியில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஜங்ஷன் ரோட்டில் லாரி நெரிசல். அந்த இரைச்சலில் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள்.

“புக்குல ஒரு அத்தை வராப்பா.”

“வரட்டுமே.”

“நல்லவ இல்ல. கூட இருக்கற பொண்ண எட்டாவதோட ஸ்கூலுலேந்து நிறுத்தி, பொம்மைக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போயிடறா.”

 அது நடந்ததுதான். நான் அப்போது குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் இருந்தேன். அக்காவுக்குக் காமாலை. கை ஓடவில்லை. கயல் ஒரு வருஷம் ஸ்பாஞ்ச் பிடித்தாள்.

“அந்தப் பொண்ணு திருட்டுத்தனமா படிக்குது. அத்தை பாத்துடறா. புஸ்தகத்தையெல்லாம் எடுத்து அடுப்புல போட்டுடறா.”

வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான்.

“அக்கா எப்ப அடுப்புல போட்டா? ஒன் புஸ்தகத்துக்கு அட்டை போட்டுக் குடுத்ததே அவதானடி!”

“போடலப்பா. அத்தை போடல. கதையில போடறா. அந்த எடம் அப்பிடித்தான் வந்துது. அதுக்குத்தான் பதிப்பகத்துல அவ்வளவு பாராட்டுனாங்க.” அவள் குரல் உடைந்தது. “வெப்சைட்டுல அத்தை பேரு இருந்தா, படிக்கறவங்க ரெண்டையும் சேத்துப் பாப்பாங்க. எங்கத்தைதான் அடுப்புல போட்டாங்கன்னு ஊரே சொல்லும். எனக்கு அத்தையே இல்லங்கற மாதிரி இருந்தா வெறும் கதையாப் போயிடும்னு நெனச்சேன். அவங்க நல்லதுக்குத்தாம்பா.”

“இத அவகிட்ட சொல்ல வேண்டியதுதான?”

“என்னான்னு சொல்றது? ஒன்னப் பத்திப் பொய்யா எழுதியிருக்கேன், அதனால ஒம் பேரப் போடலன்னா?”

 வண்டியை எடுத்தேன். எங்கே நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கட்டிவிடுவாளோ என்கிற பயத்தில் வேகத்தடையைக்கூடப் பார்க்கவில்லை. கயல் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கோயிலில் கூட்டம் இருந்தது. சூலத்தில் பழைய சீட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒவ்வொன்றும் ஒருத்தர் வயிற்றெரிச்சல். அவற்றில் புதுசாக எது என்று என் கண் தேடியது.

“அங்க இருக்காங்கப்பா” என்றாள் கயல்.

அக்கா ஒரு தூண் ஓரம் உட்கார்ந்திருந்தாள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிராது எழுதிக் கொடுக்கிற ஆள் முன்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அக்கா கையில் சீட்டு வெறுமையாகவே இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அத்த.”

அக்கா துணிப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அத்த, வூட்டுக்குப் போலாம் வா. அங்க பேசிக்கலாம்.”

“எந்த வூட்டுக்கு? ஒன்ன ஒங்கப்பன் வளத்த வூட்டுக்கா?” அக்கா என் பக்கம் திரும்பினாள். “ஏண்டா தம்பி, நீதான் வளத்தியாமே. எப்ப வளத்த? சொல்லேன், நானும் தெரிஞ்சிக்கறேன். இவளுக்கு அம்ம போட்டப்ப வேப்பெலயோட ஒக்காந்திருந்தது நீயா? இவ பெரிய மனுஷி ஆனப்ப எந்த ஊர்லடா இருந்த?”

“நான் ஒண்ணும் எழுதித் தரலக்கா.”

“நீ எழுதல. ஒனக்கு எழுதத் தெரிஞ்சாத்தான!”

வரிசையில் இருந்த ஒருத்தர் சிரித்தார். இந்தக் கோயிலில் மற்றவன் சண்டை என்றால் எல்லாருக்கும் காது நீண்டுவிடும். கயல் அக்காவுக்குப் பக்கத்தில் கல்தரையில் உட்கார்ந்தாள்.

“அத்த, மறந்து வுடல. ஒம் பேரு வந்தா ஒனக்குத்தான் கஷ்டம்.”

“எனக்கு என்னாடி கஷ்டம்? கஷ்டமெல்லாம் நேத்தே பட்டாச்சு. அத்தன பொம்பளைங்க நடுவுல.”

“புக்குல ஒரு அத்தை வரா.”

அக்கா முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

“யாரு, நானா?”

“நீ இல்ல. ஆனா ஒன்ன மாதிரி.”

“என்னா பண்றா?”

கயல் எச்சில் விழுங்கினாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“பொண்ண ஸ்கூலுலேந்து நிறுத்திடறா.”

“ஓ” என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் சீட்டை மடித்தாள், பிரித்தாள். “சரி. நிறுத்துனேன். மருந்துக்கு வழி இல்ல, ஒன்ன நம்பி நிறுத்துனேன். நான் இல்லன்னு சொல்லப் போறதில்ல. மறு வருஷம் நானே ஹெட்மாஸ்டரு கால்ல வுழாத கொறையா கெஞ்சி ஒன்னத் திரும்பச் சேத்தேனே. கீழ் வகுப்புப் புள்ளைங்களோட ஒக்கார மாட்டேன்னு நீ அழுத. வாசல்ல மரத்தடியில நானும் கூடவே ஒக்காந்திருந்தேன், நீ பழகற மட்டும். அதையும் எழுதினியா?”

கயல் கல்தரையில் விரலால் கோடு போட்டாள்.

“ஏண்டி, கேக்கறேன்ல. அத எழுதினியா?”

“இல்ல அத்த.”

“ஏன்?”

“கதைக்கு அது வேணாம்னு வுட்டுட்டேன்.”

“கதைக்கு வேணாம்.” அக்கா தலையை ஆட்டினாள். “எனக்கு வேணுமேடி.”

எழுதிக் கொடுக்கிறவர், “அடுத்து யாரும்மா?” என்றார். அக்காவின் முறைதான். அவள் எழுந்தாள். கயல் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் கம்பெனிக்குப் போகவிடாமல் பிடிப்பாளே, அதே பிடி.

“அத்த, புக்கு அச்சுக்குப் போயிடுச்சு. இனிமே மாத்த முடியாது.”

“அந்த வெப்சைட்டு?”

“அத மாத்தலாம்.”

“அப்ப அதுல எழுது. எம் பேரப் போடு. ஆதிலட்சுமின்னு முழுசா. அவதான் வளத்தான்னு போடு. அவதான் நிறுத்துனான்னும் போடு, அவளே திரும்பக் கூட்டிட்டுப் போயி சேத்தான்னும் போடு. ரெண்டும் வரணும்.”

“அப்டிப் போட்டா, புக்குல வர்றவ நீதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும் அத்த!”

“தெரியட்டும். நான் பண்ணுனதுதான. பண்ணாதத ஒண்ணும் நீ எழுதிடலியே?”

 சொல்லிவிடு என்று கயலைப் பார்த்தேன். அவள் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. பிறகு போனை எடுத்து மாப்பிள்ளையிடம் பேசினாள். அக்கா சொன்னதை அப்படியே ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

அக்கா வெறுஞ்சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“வாங்கினத வச்சிக்கறேன். மாப்ள போட்டாரான்னு கண்ணால பாத்துட்டு அப்பறம் எறியறேன்.”

அக்கா ஆட்டோவில் வந்தாள். கயலை என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.

“அடுப்பு விஷயத்த ஏண்டி சொல்லல?”

“வாய் வரலப்பா.”

“எப்ப வரும்? புத்தகம் வந்து வீராயி படிச்சுக் காட்டுனப்பறமா?”

“அதுக்கு முன்னால சொல்லிடறேன். தை மாசம் வரைக்கும் நேரம் இருக்குதுப்பா. கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக்கறேன்.”

படித்தவர்கள் எல்லாரும் நேரம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

நாங்கள் போய்ச் சேரும்போது மாப்பிள்ளை கடையை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்திருந்தார். கூடத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து, முன்னால் அக்காவுக்கு நாற்காலி போட்டிருந்தார். வீராயியும் வந்துவிட்டாள்.

“பாருங்க அத்த. போட்டாச்சு.”

அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மண் ஏறிய விரலைக் கம்ப்யூட்டர் கண்ணாடி மேல் வைத்து, “ஆ... தி...” என்று ஆரம்பித்தாள். முழுப் பேரையும் முடித்ததும் ஒரு தடவை எங்கள் எல்லாரையும் பார்த்தாள். அப்புறம் கீழே இருந்த வரிகளை மாப்பிள்ளை வாசித்தார். நிறுத்தியது வந்தது. திரும்பச் சேர்த்தது வந்தது. ஹெட்மாஸ்டரும் மரத்தடியும்கூட வந்தது.

“வீராயி, கேட்டியாடி?”

“கேட்டேங்க்கா.”

“நம்ம ஷெட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் அனுப்பு. சிரிச்சாளே ஒருத்தி, அவளுக்கு மொதல்ல அனுப்பு.”

வீராயி அங்கேயே போனைத் தட்டினாள். போய்விட்டது. இனி அதைத் திரும்ப வாங்க முடியாது. அக்காவின் முகம் இப்போதுதான் வழக்கமான முகமாக ஆனது. கயல்கூடச் சிரித்தாள். நான் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

“மாப்ள, அதென்னா சேப்பா ஒண்ணு? எம் பேருக்குக் கீழயே இருக்குதே” என்றாள் அக்கா.

“அதுவா அத்த? பதிப்பகத்துலேந்து மத்தியானம் அனுப்புனாங்க. நாவல்லேந்து ஒரு அத்தியாயம். ஆளுங்க இலவசமா படிச்சுப் பாத்துட்டு புக்கு வாங்குவாங்களாம். ஒடனே ஏத்தச் சொன்னாங்க, ஒங்க பேரோட சேத்து ஏத்திட்டேன். நானே இன்னும் படிக்கல.”

கயல் எழுந்து நின்றாள்.

“எந்த அத்தியாயம்?”

“தெரியல. இருக்கறதுலயே இதான் பிரமாதம்னாங்க.”

“ஏங்க, அத எடுங்க. மொதல்ல அத எடுங்க.”

“ஏம்மா? இப்பதான வீராயக்கா எல்லாருக்கும் அனுப்புனாங்க. எல்லாரும் தெறந்து பாத்துக்கிட்டிருப்பாங்க.”

“எடுங்கன்னு சொல்றேன்ல!”

அக்கா திரும்பிக் கயலைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. எனக்கு மறைக்க வராது.

“இருங்க மாப்ள” என்றாள். “ஊரே படிக்கப் போவுது. எனக்கு மட்டும் என்னா? படிங்க.”

“அத்த, நான் சொல்றேன். நானே சொல்றேன், வா” என்று கயல் அவள் கையைப் பிடித்தாள்.

அக்கா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

“நீங்க படிங்க.”

மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் அந்தச் சிவப்புப் பட்டனை அழுத்தினார். எழுத்துகள் மேலே ஏறி வந்தன. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“‘அன்றைக்கு அத்தை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே அடுப்பைப் பற்றவைத்தாள்’” என்று ஆரம்பித்தார்.

“ம்” என்றாள் அக்கா. “மேல.”